ஹெட்செட்டுக்குள் ஒரு பாறைச் சுவர்

நிலவியல் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு பாறைச் சுவரை வி.ஆருக்குள், அதாவது ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகத்துக்குள், கொண்டுவந்த கதை இது. மூன்று வாரத்தில் முடித்துவிடுவேன் என்று வழிகாட்டியிடம் வாய் விட்டேன், நான்கு மாதம் இழுத்தது.

படம் எடுப்பது சுலபம். ஒன்றின்மேல் ஒன்று முக்கால்வாசி விழுகிற மாதிரி ட்ரோனில் 600 படம் எடுத்து, படங்களை இணைத்து முப்பரிமாண மாடலாக்கும் போட்டோகிராமெட்ரி மென்பொருளில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் மாடல் தயார், அதன் பரப்பை உருவாக்கும் நாலு கோடி குட்டி முக்கோணங்களோடு. அதை அப்படியே ஹெட்செட்டில் ஏற்றினேன். தலையைத் திருப்பினால் பாறை சற்றுக் கழித்துத் திரும்புகிறது, இரண்டே நிமிடத்தில் குமட்டல். நொடிக்கு 72 ஃபிரேமாவது வந்தால்தான் கண்ணுக்கும், அசைவை உணரும் உள்காதுக்கும் சண்டை வராது. முக்கோணங்களை ஐந்து லட்சமாகக் குறைத்து, போன நுணுக்கத்தை நார்மல் மேப்பில் (மேடுபள்ளம் இருப்பதுபோல் ஒளிநிழலால் காட்டும் படம்) ஏற்றிய பிறகுதான் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் வந்ததுதான் பெரிய தலைவலி. படுகைத் தளத்தில், அதாவது பாறை அடுக்கின் பரப்பில், மூன்று புள்ளி வைத்தால் மென்பொருளே டிப்பை (அந்த அடுக்கு கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதை) சொல்லும். அது சொன்னது 41 டிகிரி. களத்தில் சாய்வும் அளக்கும் காம்பஸ் வைத்து நான் எழுதியது 34. ஒரு வாரம் சூத்திரத்தையே குடைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மாடலின் அடிவாரத்தில் தேங்கியிருந்த குட்டை கண்ணில் பட்டது, அதன் விளிம்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. தேங்கின தண்ணீர் சாயுமா? மொத்த மாடலே சாய்ந்திருக்கிறது! ட்ரோனின் சாதாரண ஜிபிஎஸ் உயரத்தில் மீட்டர் கணக்கில் தவறும், என் சுவரோ 30 மீட்டர்தான். திரும்பப் போய், குறிப்பலகைகள் வைத்து, சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்.டி.கே. ஜிபிஎஸ்ஸால் அவற்றின் இடத்தை அளந்து, மறுபடி எல்லாம் முதலிலிருந்து. இந்த முறை 34.5.

வகுப்பில் காட்டியபோது, முழங்கால் பிரச்சினையால் களப்பயணத்துக்கே வராத ஒரு மாணவி, பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபால்ட்டை (பாறை உடைந்து நகர்ந்த பிளவை) முகத்துக்கு நேரே நிறுத்தி அதன் ஸ்ட்ரைக்கை, அதாவது அது ஓடும் திசையை, எடுத்தாள், களத்தில் நானே எட்டாத இடம் அது. இன்னொரு பையன் கையை நீட்டிப் பாறையைத் தடவப் போய் மேசையில் இடித்துக்கொண்டான். இடித்த கையோடு கேட்டான், "அண்ணா, இது சுண்ணாம்புக்கல்லா, டோலமைட்டா?"

நீர்த்த அமிலம் விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கி நுரைக்கும், டோலமைட் லேசாகத்தான். ஆனால் ஹெட்செட்டுக்குள் அமிலம் விட்டால் நுரைக்காதே. இப்போது அதே சுவரில் உடைத்த இரண்டு துண்டுக் கல்லையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலக் குப்பியையும் ஹெட்செட் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.