ஆறாம் வரிசையை விடவில்லை

சதுரங்கப் போட்டியில் ஐந்தாம் சுற்று டிரா. கிடைத்தது அரைப் புள்ளிதான், ஆனால் காட்பாடியிலிருந்து கோப்பையோடு திரும்புகிறவனைப் போலத்தான் பஸ் ஏறினேன்.

எதிராளி ராணிப்பேட்டைக்காரர், ரேட்டிங்கில் என்னைவிட 11 புள்ளி கூடுதல். பெர்லின் தடுப்பு என்ற தொடக்கம், எட்டாவது நகர்விலேயே ராணிகள் வெட்டுப்பட்டன. கடைசியில் அவரிடம் யானையும் ஒரு சிப்பாயும், என்னிடம் யானை மட்டும். என் ராஜா இ 8, யானை பி 6. அவருடைய ராஜா எஃப் 5, யானை ஏ 7, சிப்பாய் இ 5. யானை மட்டும் உள்ளவர் டிரா காக்கக்கூடிய பிலிடோர் நிலையேதான்.

1777-லேயே பிலிடோர் என்ற அந்தப் பிரெஞ்சுக்காரர் வழி சொல்லிவிட்டார், எல்லாருக்கும் தெரியும்: சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வரும்வரை யானையை அந்த வரிசையிலேயே நிறுத்து, வந்ததும் கீழே இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடு. ஆனால் கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் இருக்கும்போது சும்மா இருப்பது எவ்வளவு கடினம்! போன வருடம் குடியாத்தத்தில் இதே மனிதரிடம், சிப்பாய் ஐந்தில் இருக்கும்போதே பதறிப்போய் யானையைக் கீழே இறக்கினேன். அப்போதும் ராஜாவைக் குறுகிய பக்கமாக, அதாவது பலகையின் ஓரம் கிட்ட இருக்கும் பக்கமாக, எஃப் 8-க்குக் கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பேன். டி 8-க்குப் போய் மாட்டிக்கொண்டேன்.

இந்த முறை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பி 6, சி 6, மறுபடி பி 6. அவர் தன் யானையை வெவ்வேறு கட்டங்களுக்கு மாற்றி மாற்றிப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் படபடத்த நகர்வுத் தாள் மீது தண்ணீர் பாட்டிலை வைத்தேன். பன்னிரண்டு நகர்வுக்குப் பிறகு பொறுமை இழந்து இ 6 தள்ளினார். உடனே யானை பி 1! அவர் ராஜாவுக்கு ஒதுங்கச் சிப்பாயின் மறைவு இல்லை, பின்னாலிருந்து செக் மேல் செக்.

மூன்றாவது முறையாக அதே நிலை வரப்போகிறது, டிரா கேட்கலாம். காயைத் தொடாமல், 'யானை எஃப் 1' என்று தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்தேன். ஆடிவிட்டுக் கை தூக்கினால் கோரிக்கை செல்லாது. கோரிக்கை தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். நடுவர் வேறு பலகையில் அடுக்கிச் சரிபார்த்து முடிக்கும்வரை என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"போன முறை சீக்கிரமே இறங்கிவிட்டீர்களே சார்," என்று எதிராளி சிரித்தபடி கை கொடுத்தார்.

வீட்டுக் கடிகாரத்தின் பொத்தான் ஒரு பக்கம் சிக்கிக்கொள்கிறது, மாற்ற வேண்டும். அமிர்தசரஸ் மரக்காய்கள் வாங்கும் ஆசை இன்னும் தள்ளிப்போகிறது. அடுத்து பலகை ஓரத்துச் சிப்பாய்க்கு எதிரான வான்சுரா தடுப்பைப் பழகலாம் என்றிருக்கிறேன். ஆனால் இந்த ஆட்டத்தின் முப்பத்தோராவது நகர்வில் ஒரு சிப்பாயை ஏன் பறிகொடுத்தேன் என்று இன்னும் பார்க்கவே இல்லை.