கருத்தடை அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு வாரம்

கருத்தடை அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பூனையோ நாயோ முழிக்கிற முழியைப் பார்த்து, பாவம் என்று, காயத்தை நக்காமலிருக்க மாட்டிய கழுத்துக் கூம்பைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நக்க ஆரம்பித்தால் ஒரே இரவில் தையல் பிரிந்துவிடும். பெண்ணுக்கு அது வயிற்றைத் திறந்து தைத்த காயம்; குடலே வெளியே வரலாம். 10 முதல் 14 நாள் கூம்பு இருக்கட்டும். குதிக்க விடாதீர்கள், குளியலும் கூடாது.

தினம் 2 முறை காயத்தைப் பாருங்கள். லேசான சிவப்பு பரவாயில்லை. சீழ், நாற்றம், ரத்தக் கசிவு, வெளுத்த ஈறு என்றால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரையே பறித்துவிடும்.

ஆண் என்றால் இன்னொன்று: விந்து செல்லும் குழாயில் அறுவைக்குப் பிறகும் விந்து மிச்சமிருக்கும். ஒரு மாதம் பெண்ணிடமிருந்து பிரித்தே வையுங்கள்.