அயனாவரம் வீடு, அப்பாவின் உயில், புரோபேட்

அப்பாவின் உயில் பதிவு செய்யப்பட்டது. அதனால் அவர் காலமான பிறகு வீட்டை விற்பதில் ஒரு சிக்கலும் வராது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். "ரிஜிஸ்டர் உயில் இருக்கே, அப்புறம் என்ன?" சொன்னவர்களில் பாதிப்பேர் மதுரை, தஞ்சாவூர்க்காரர்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. எங்கள் வீடு இருந்தது சென்னை அயனாவரத்தில்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 57, 213 என்று இரண்டு பிரிவுகள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பழைய மதராஸ், பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்குள், அதாவது ஏறக்குறைய அந்த நகரங்களுக்குள், ஓர் இந்து எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு நிலத்தைப் பற்றிய உயிலுக்கும் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயமாக இருந்தது. புரோபேட் இல்லாமல் அந்த உயிலை வைத்து உரிமை கோர முடியாத நிலை. வெளியூரில் எழுதிய உயில், வெளியூர்ச் சொத்து என்றால் இந்தக் கட்டாயம் இருந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு நூறு வருடம் அப்படியே ஓடியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. நான் அலைந்தது அதற்கு முன். இப்போதும் புரோபேட் என்ற வழி அடைபடவில்லை, கட்டாயம்தான் போயிருக்கிறது. வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் 'எதற்கும் வாங்கிவிடுங்கள்' என்று சொன்னால் வாங்கத்தான் வேண்டும். அதனால் நான் பட்டது இன்னும் யாருக்காவது பயன்படும்.

உயில் சுருக்கமானது. வீடு எங்கள் மூன்று பேருக்கும் சம பங்கு. அண்ணன் கோயம்புத்தூரில், தம்பி கலிபோர்னியாவில், நடுவில் நான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு, அதாவது எக்ஸிகியூட்டர், நான்தான் என்று அப்பா எழுதியிருந்தார். அண்ணன் இருக்கப் பெண்ணை ஏன் போட்டார் என்று ஒரு சித்தப்பாவுக்கு வருத்தம். அண்ணனுக்கோ பெரிய நிம்மதி. உயிலில் எக்ஸிகியூட்டர் பெயர் இருப்பதன் அருமை வக்கீல் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. பெயர் இருந்தால் கிடைப்பது புரோபேட். இல்லையென்றால் உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம் வாங்க வேண்டும். அதற்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நிர்வாகி வீட்டை விற்க நினைத்தால் நீதிமன்றத்தில் தனியாக அனுமதியும் கேட்க வேண்டும். அப்பா எழுதிய ஒரே ஒரு வரி இவ்வளவையும் மிச்சப்படுத்தியது.

வக்கீல் முதல் நாளே சொன்ன இன்னொன்றுதான் எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது. "அம்மா, புரோபேட் கோர்ட் உயிலைத்தான் பார்க்கும், வீட்டைப் பார்க்காது. இது உங்கப்பா சுய நினைவோட எழுதினதா, முறைப்படி சாட்சி போட்டிருக்கா, அவ்வளவுதான் கேள்வி. பட்டா யார் பேரில இருக்கு, மாடிக்கு பிளான் அப்ரூவல் இருக்கா, வரி பாக்கி இருக்கா, இதெல்லாம் தனி வண்டி. அதை நீங்கதான் ஓட்டணும். புரோபேட் வரட்டும்னு காத்திருக்காதீங்க." அதனால் இரண்டு வேலையையும் பக்கம் பக்கமாக நடத்தினோம்.

மனுவுக்குக் கேட்ட தாள்கள்: அசல் உயில், அப்பா அம்மா இருவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து விவரப் பட்டியல், அண்ணன் தம்பி இருவரின் சம்மதப் பிரமாணப் பத்திரம். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் "உங்க அப்பாவைப் பெத்த பாட்டி இருக்காங்களா?" என்று கேட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் அதற்கும் தாள் தேடினோம். அசல் உயிலை நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் அது திரும்பி வராது, அங்கேயே பாதுகாப்பில் இருக்கும். பின்னால் வாங்குகிறவர் 'ஒரிஜினல் உயில் எங்கே' என்று கேட்பார். நீதிமன்ற முத்திரையோடு உயில் நகல் இணைத்த புரோபேட்தான் அவருக்கு ஒரிஜினல்.

தம்பியின் சம்மதப் பத்திரம் எளிதாக வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் இருக்கிற வீடுகளில் இந்த ஒரு தாளில்தான் எல்லாம் நின்றுபோகும். யாராவது கேவியட், அதாவது ஆட்சேப மனு, போட்டு எதிர்த்தால், மனு உயில் வழக்காக மாறி டி.ஓ.எஸ். என்று புது எண் வாங்கிவிடும். அப்புறம் அது எத்தனை வருடம் ஓடும் என்று வக்கீலாலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அந்தச் சண்டை வராததற்கு அப்பா பங்கைச் சமமாக வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அண்ணி வேறு காரணம் சொல்வாள்.

உண்மையில் எங்களை இழுத்தடித்தது சாட்சி. உயிலில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அப்பாவோடு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், அப்பா வயதுக்காரர்கள். ஒருவர் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். இன்னொருவர் ஓய்வு பெற்றதும் திருச்சிப் பக்கம் மகனிடம் போனவர். டைரியில் இருந்த எண் உபயோகத்தில் இல்லை. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு, வந்து சொல்லும் நிலையில் இருந்தால் அவரை விசாரித்தே ஆக வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். இருவரும் இல்லையென்றால் அப்பாவின் கையெழுத்தையும் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் அடையாளம் காட்டக்கூடிய வேறு ஆளைத் தேட வேண்டும். பதிவு அலுவலக முத்திரை சாட்சிக்கு மாற்று ஆகாது. உயில் எழுதுகிறவர்கள் தங்கள் வயதுத் தோழர்களையே சாட்சிக்கு அழைப்பது ஏன் என்று புரிகிறது, நம்பிக்கைதான். ஆனால் ஒருவராவது இருபது வயது இளையவராக இருந்தால் பிள்ளைகளுக்குப் புண்ணியம்.

அப்பாவோடு வேலை பார்த்த ஒவ்வொருவராக விசாரித்து, திருச்சி பொன்மலையில் அந்த இரண்டாவது சாட்சியை, நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவரை, கண்டுபிடித்தோம். எண்பதைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் மகனோடு வந்து இறங்கினார். வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்ததும், "பாப்பா, உங்கப்பா கையெழுத்தை நான் இருட்டுல கூட கண்டுபிடிப்பேன்" என்றார். வக்கீல் சிரித்தார். "ஐயா, அது வேண்டாம். அவர் கையெழுத்துப் போட்டதை நீங்க கண்ணால பார்த்தீங்களா, நீங்க போட்டப்போ அவர் எதிர்ல இருந்தாரா, அதைச் சொல்லுங்க." மாமாவுக்கு முதலில் கோபம். நாற்பது வருடப் பழக்கத்தை விட்டுவிட்டு இந்த ஆள் ஏதோ கேட்கிறாரே என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில மூணு பேரும் ஒரே பேனாவுல போட்டோம். பேனா என்னோடது. உங்கப்பா திருப்பித் தரவே இல்லை" என்றார். வக்கீலுக்கு அது போதும். சட்டம் கேட்பது அதைத்தான்: எழுதியவர் போட்டதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், சாட்சி எழுதியவர் முன்னிலையில் போட்டிருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவு செய்யும் மாஸ்டர் கோர்ட்டில் என்னை விசாரித்து, அவரையும் விசாரித்து, உயிலைச் சான்றாவணமாகக் குறித்தார்கள். மாமா பேனா கதையை அங்கேயும் சொல்லப் பார்த்தார்.

நாளிதழ் அறிவிப்பு தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஆட்சேபணை வரவில்லை. அதன் பிறகு நீதிமன்றப் பட்டியலில் பெயர் வரும் நாளுக்காகக் காத்திருப்பது மட்டுமே வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையில் தரகர் ஒருவர் ஆள் கொண்டுவந்துவிட்டார். நல்ல விலை. "அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கிடுங்க, மூணு மாசத்துல புரோபேட் வந்துடும்." மூன்று மாதத்தில் வரும் என்று எந்த வக்கீலும் எங்களிடம் சொல்லவில்லை, தரகர் மட்டும்தான் சொன்னார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வாங்குகிறவர் பின்வாங்கினால் அதை ரத்து செய்ய அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே, புரோபேட் கையில் வந்த நாளிலிருந்துதான் கெடு ஆரம்பிக்கும், அதுவரை முன்பணம் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அந்த ஆள் போய்விட்டார். தரகருக்கு எங்கள் மேல் கசப்பு. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் சரி, தேதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் மூவரும் ஒரே முடிவாக இருந்தோம்.

தனி வண்டி என்று வக்கீல் சொன்னது பட்டாவில் வந்து நின்றது. அப்பா இடம் வாங்கியது எழுபதுகளின் கடைசியில். பத்திரம் சரி, சொத்து வரி சரி, மின் இணைப்பும் அவர் பெயரில். நகர நில அளவைப் பதிவேட்டில் மட்டும் அவருக்கு விற்றவரின் பெயரே உட்கார்ந்திருந்தது. சென்னையில் பழைய வீடு வைத்திருக்கிற பலருக்கு இது விற்கும்போதுதான் தெரியும். வாழும்போது யாரும் பட்டாவைக் கேட்பதில்லை. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வைத்து முதலில் அப்பா பெயருக்கு மாற்றி, புரோபேட் வந்ததும் எங்கள் மூவர் பெயருக்கு மாற்றினோம். மாடியில் பின்னால் கட்டிய அறைக்கு வரைபட அனுமதி கிடையாது. வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இடத்துக்குத்தான் விலை, கட்டடத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் அதில் வாதாட எதுவும் இல்லை.

கடைசியில் வாங்கியவர்கள் பக்கத்துத் தெருக் குடும்பம். 2023 ஏப்ரலில் அரசு வழிகாட்டி மதிப்பை ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்த பிறகுதான் பதிவு நடந்தது. முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அவர்கள் பொறுப்பு. எக்ஸிகியூட்டராக நான் ஒருத்தியே எழுதிக் கொடுத்தால் போதுமா, மூன்று பேரும் விற்பவர்களாக வர வேண்டுமா என்று இரு தரப்பு வக்கீல்களும் பேசினார்கள். அவர்கள் வங்கி மூவரும் வேண்டும் என்றது. தம்பி எனக்குப் பவர், அதாவது அவன் சார்பில் நான் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது, வந்த தேதிக்கு உதவியது.

தம்பி வெளிநாட்டுவாசி என்பதன் முழு விலை வரியில் தெரிந்தது. எங்கள் இருவர் பங்குக்கு வாங்குகிறவர் வரியாகப் பிடித்தது 1 சதவீதம். அவன் பங்குக்கு அப்போது பிடிக்க வேண்டியிருந்தது 20.8 சதவீதம், அதுவும் லாபத்தில் இல்லை, மொத்தத் தொகையில். வாங்குகிறவர் அதற்கென்று, வரி பிடிப்பவருக்கான டான் எண் வேறு எடுக்க வேண்டியிருந்தது. ஆடிட்டர் படிவம் 13-இல் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அது வந்த பிறகே பதிவுத் தேதி குறித்தோம். லாபக் கணக்கில் நாங்கள் வாரிசாகப் பெற்ற நாள் பொருட்டே இல்லை. அப்பா வாங்கியதிலிருந்தே கணக்கு. 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை எடுக்கலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அதை 2023-24-க்கான பணவீக்கக் குறியீட்டு எண் 348-ஐ வைத்து உயர்த்தினோம். 2024 ஜூலை 23 முதல் விற்கிறவர்களுக்கு வீதம் 12.5 சதவீதம், பணவீக்கச் சலுகை இல்லை. அதற்கு முன்பே கைக்கு வந்த சொத்து என்றால் பழைய முறையில் 20 சதவீதம் கட்டும் வாய்ப்பு உள்நாட்டுவாசிக்கு உண்டு, தம்பி மாதிரி ஆட்களுக்கு இல்லை.

அவன் பணம் வெளிநாட்டுவாசிகளுக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் விழுந்து, ஆடிட்டர் 15சிபி என்ற வரிச் சான்று கொடுத்து, பிறகு டாலராகப் போனது. வருடத்துக்கு 10 லட்சம் டாலர்வரை அனுப்பலாம் என்பதால் அதில் பிரச்சினை இல்லை. "உன் பங்கைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒரு ஃபார்ம் வருது" என்று அண்ணன் அவனைக் கிண்டல் செய்தான்.

விற்று முடித்து எல்லாரும் மறந்தபோது வக்கீலின் குமாஸ்தா போன் செய்தார். புரோபேட் பெற்ற 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தந்தாகிவிட்டது, 1 வருடத்துக்குள் தர வேண்டிய கணக்கு பாக்கி. அப்பாவின் வைப்புத் தொகை, வைத்தியச் செலவு, காரியச் செலவு, மூன்று பங்கு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ரசீதுகளை இணைத்து, பிரமாணம் செய்து கொடுத்தேன். மாமாவின் ரயில் டிக்கெட்டையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா சேருங்கம்மா, பேனாவை மட்டும் விட்டுடுங்க" என்றார் குமாஸ்தா.