இரண்டரையா, மூன்றா

காரின் சைலன்சர் பைப்பை மாற்ற எங்கள் பட்டறைக்கு வந்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அண்ணா, மூணு இஞ்ச் போட்டா பேக் பிரஷர் இல்லாம கீழ இழுவை போயிருமுங்களா?” பேக் பிரஷர் என்றால் வெளியேறும் வாயுவுக்குக் குழாய் காட்டும் எதிரழுத்தம்; கீழ இழுவை என்றால் இன்ஜின் குறைந்த சுற்றில் ஓடும்போது கிடைக்கும் இழுவை. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பிழையும் எனக்குத் தென்படவில்லை. பிழை இருந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, டர்போ இன்ஜின். நிறுவனம் தரும் 180 குதிரைத்திறனை ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி, 220ஐ ஒட்டிக் கொண்டுவந்திருந்தோம். அடுத்ததாகச் சைலன்சர் பைப்பை, டர்போவை ஒட்டிய முதல் குழாயான டவுன்பைப்பிலிருந்து கடைசி வரை மாற்ற வேண்டும். விட்டம் இரண்டரை அங்குலமா, மூன்று அங்குலமா என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

டர்போ இல்லாத இன்ஜினில் அவருடைய கேள்விக்கு ஓரளவு பொருள் உண்டு. குழாய் தேவைக்கு மீறிப் பெருத்தால் வாயுவின் வேகம் குறைகிறது; ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து வெளியேறும் வாயு அடுத்த சிலிண்டரைக் காலி செய்ய உதவும் அந்த இழுப்பும் தளர்கிறது. அப்படிக் குறைந்த சுற்றில் இழுவை குன்றுவதைத்தான் ‘பேக் பிரஷர் போயிருச்சு’ என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டார்கள். டர்போ வண்டியில் கணக்கு வேறு. டர்போ என்பது வெளியேறும் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி; அதில் அந்த வாயு சுழற்றும் சக்கரம்தான் டர்பைன். டர்பைனைச் சுழற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். முன்னால் 2 பார், பின்னால் 1.2 பார் என்றால் விகிதம் 1.67, பின்னால் இருப்பது 1.1 ஆகக் குறைந்தால் விகிதம் 1.82 ஆகிவிடும். பின்னால் தடை குறையக் குறைய டர்போ விரைவில் விழித்துக்கொள்ளும். கீழ்ச்சுற்றின் இழுவை போவதற்குப் பதிலாகக் கூடவே செய்யும்.

இதை நான் இப்படிச் சொல்லியிருந்தால் அவர் தலையை ஆட்டிவிட்டு யோசிக்கப் போயிருப்பார். ஆனால் அவர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, “மதகுக்குக் கீழ்ப்புறம் தண்ணி தேங்கி நின்னா, மேலிருந்து வர்ற பாய்ச்சல் என்ன ஆகும்?” என்று கேட்டேன். அவர் முகம் தெளிந்தது. “சரிங்ணா, மூணே போட்டுருங்க” என்றார். அந்த உவமை கைகொடுத்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. விளக்கம் சரியானதுதான், ஆனால் அவருடைய தயக்கத்தை அது ஒரே மூச்சில் மூடிவிட்டது. அந்தத் தயக்கம் உண்மையிலேயே பேக் பிரஷரைப் பற்றியதுதானா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

கணக்கை நான் போடாமல் இல்லை. 220 குதிரைத்திறனுக்கு அந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோ காற்றை உள்ளிழுக்கும். வெளியேறும் வாயு 600 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டரை அங்குலக் குழாயில் அது வினாடிக்கு ஏறக்குறைய 155 மீட்டர் வேகத்தில் ஓடும். மூன்று அங்குலக் குழாயில் 105 மீட்டர்தான். ஒரே அளவு வாயு செல்லும்போது நேர்க்குழாயின் உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் இருப்பதால், இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனாலே இழப்பு ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். தாளில் பார்த்தால் இரண்டரைக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் அதே தாளில், குழாயின் நீளம் நெடுக வாயு ஒரே வெப்பத்தில் இருப்பதாக நான் எழுதியிருந்தேன். அப்படி இருக்காது. பின்னால் போகப் போக வாயு குளிர்ந்து சுருங்குகிறது, அதற்குத் தேவையான இடமும் குறைகிறது. அதனால்தான் டவுன்பைப்பை மட்டும் மூன்று அங்குலத்தில் வைத்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பிறகு இரண்டரைக்கு இறக்கும் வழக்கம் இருக்கிறது. அது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அவர் அளவைத்தானே கேட்டார், அமைப்பைக் கேட்கவில்லையே என்று பிற்பாடு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. உண்மையைச் சொன்னால், முனையிலிருந்து முனை வரை மூன்று அங்குலம் போட்ட ஒரு வண்டியின் டைனோ (திறனை அளக்கும் இயந்திரம்) வரைபடம் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் வெல்டர் அண்ணன் அன்று வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பின்பக்கச் சஸ்பென்ஷன் கையைத் தாண்டும் இடத்தில் இரண்டரைத் துண்டைப் பிடித்து, மேலே இருந்த இடைவெளியில் ஆள்காட்டி விரலை நுழைத்துக் காட்டினார். பிறகு மூன்று அங்குலத் துண்டைப் பிடித்தார். விரல் போகவில்லை. ஒன்றும் பேசாமல், இரண்டரைத் துண்டை மூன்றுக்குள் போட்டு லேசாகக் குலுக்கினார். அது உள்ளே கடகடவென்று ஆடியது. “இவ்வளவுதான் தம்பி வித்தியாசம். இதுக்குப் போயி…” என்று இழுத்தார். பரப்பளவில் அது 45 சதவீதத்துக்கு மேல் என்று நான் சொன்னேன். அவர் எண்ணுக்கு மறுப்புச் சொல்பவர் அல்லர். “அப்ப பழசை வெட்டிக்கட்டுமா? ஃப்ளாஞ்சும் ஹேங்கரும் அதுல இருந்து எடுத்துக்கலாம்” என்று, குழாயை இணைக்கும், தொங்கவிடும் பாகங்களைச் சுட்டி மட்டும் கேட்டார். வெட்டுங்கள் என்றேன். வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிரைண்டர் ஓடிய நேரம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

டைனோவில் உச்சத்தில் ஆறு குதிரைத்திறன் கூடியது. டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்டும் சற்று முன்னதாகவே ஏறியது. அதே வண்டியை அதே நாளில் இரண்டு முறை ஓட்டினாலே மூன்று, நான்கு குதிரைத்திறன் வேறுபடும் என்பதை அந்த மாலையில் யாரும் நினைவுபடுத்தவில்லை. நானும்தான்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். கோபம் இல்லை, கோபமாக வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வண்டி நன்றாக ஓடுகிறது, நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது மட்டும் உள்ளே ஒரு முழக்கம் என்றார். கூடவே ஓட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 2,100 சுற்றில் நான்கு சிலிண்டர் இன்ஜின் வினாடிக்கு 70 முறை வெடிக்கிறது. அந்த 70 ஹெர்ட்ஸ் ஓசையைக் காது கேட்பதைவிட நெஞ்சுக்கூடு அதிகமாக உணர்கிறது. பின் சீட்டில் அது இன்னும் கனமாக இருந்தது. இறங்கும்போது அவர் தற்செயலாகச் சொல்வதுபோலச் சொன்னார்: “அப்பா இப்பெல்லாம் கோயமுத்தூருக்கு பஸ்லதான் வர்றாருங்க.”

பக்கவாட்டில் ஒரு மூடிய கிளைக்குழாய் வைத்து அந்த ஓசையைக் கொல்லலாம் என்றேன். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும்; சூடான வாயுவில் 70 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றே முக்கால் மீட்டர் வருகிறது. ஒரு விரலுக்கே இடமில்லாத வண்டியின் அடியில் அதை எங்கே வைப்பது? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பழசையே மாட்டிருங்கண்ணா, போதும்” என்றார். பழசு எங்கே இருக்கிறது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

என் தரப்புக்கும் நியாயம் உண்டு. மூன்று அங்குலம் என்ற பேச்சை எடுத்தவர் அவர். சத்தம் கூடும் என்று நானும் ஒரு வரி சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வரியை நான் சொன்ன தொனி எனக்கு நினைவிருக்கிறது. சத்தம் கூடுவதும் ஒரு லாபம் என்பதுபோலத்தான் சொன்னேன். அவருடைய கேள்வியை இப்போது கேட்டுப் பார்க்கும்போது, இரண்டரைக்குத் திரும்ப யாராவது ஒரு காரணம் தரமாட்டார்களா என்று அவர் எதிர்பார்த்ததுபோல ஒலிக்கிறது. இது நானாகக் கற்பித்துக்கொள்வதாகவும் இருக்கலாம். நூற்றுக்கணக்கானவர்கள் இதே கேள்வியை வெறும் கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அதன்பின் யார் வந்தாலும் நான் இரண்டரை என்றே சொல்லத் தொடங்கினேன். சென்ற மாதம் 350 குதிரைத்திறனை இலக்காக வைத்துப் பெரிய டர்போவோடு வந்த ஒரு வண்டிக்கும் இரண்டரை என்றேன். அது தவறு, அந்த ஓட்டத்துக்கு இரண்டரை கழுத்தைப் பிடிக்கும். வெல்டர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, “இதுக்கு மூணு வேணும் தம்பி” என்றார். எண்ணைச் சொல்லி அவர் வாதாடி நான் கேட்டதே இல்லை.

ஆக்டேவியாவுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டரையில் புதிய குழாயும், சத்தத்தை அடக்கும் மஃப்ளரில் கிடைத்ததில் பெரியதும் போட்டுக் கொடுத்தோம், கூலி வாங்கவில்லை. போன வாரம் அவரை உக்கடத்தில் ஒரு டீக்கடை வாசலில் பார்த்தேன். அப்பா வண்டியில் ஏறுகிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். பூஸ்ட் எப்படி ஏறுகிறது என்றுதான் கேட்க வந்தது. நன்றாக ஏறுகிறது என்றார்.