வெளிச்சம் எங்கே விழ வேண்டும்? இரவுப் பயணத்துக்குக் கூடுதல் விளக்கு தேர்ந்தெடுத்த கதை

வாரத்தில் நான்கு இரவுகளாவது மதுரையில் வேலை முடித்து, உசிலம்பட்டிக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவன் நான். காளவாசலில் தொடங்கி நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் தெருவிளக்கும் கடை வெளிச்சமும் கூடவே வரும். செக்கானூரணியைத் தாண்டிவிட்டால், நம் வண்டியின் விளக்கு எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் சாலை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் பின்விளக்கும் இருக்காது, ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்காது. தாரின் சூட்டுக்கு நடுச்சாலையில் எருமை படுத்துக் கிடக்கும். கறுப்புச் சாலையில் கறுப்பு எருமை படுத்திருப்பது எவ்வளவு கிட்டத்தில் வந்த பிறகு கண்ணுக்குப் படும் என்பது, ஒருமுறையாவது அதன் முன்னால் பிரேக் பிடித்து நின்றவர்களுக்குத் தெரியும்.

என் வண்டி பத்து ஆண்டு பழைய 150 சிசி. அதிலிருப்பது 35 வாட் ஹாலஜன் பல்பு. டிம்மில் வைத்தால், ஒளிராத இருண்ட பொருள் ஒன்றை நம்பிக்கையாகக் காட்டுவது ஏறத்தாழ 40 அல்லது 50 மீட்டருக்குத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, உணர்ந்து, பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு நிற்க இன்னும் 23 மீட்டராவது வேண்டும். ஆக 60இல் போகும்போதே வெளிச்சத்தின் விளிம்பில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 80இல் போனால் நிற்க 75 மீட்டர் தேவைப்படும். அதாவது வெளிச்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றுதான் கூடுதல் விளக்கு வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது தவறான விளக்கு. ஒரு உதிரிபாகக் கடையில், "போட்டீங்கன்னா ராத்திரியே பகலாயிரும்ண்ணே" என்று சொல்லி, வரிசையாக எல்.ஈ.டி. பதித்த ஒரு பாரை எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டியில் 60 வாட் என்று அச்சிட்டிருந்தது. ஹேண்டில் பாருக்குக் கீழே மாட்டிக்கொண்டு கிளம்பிய அந்த இரவு, உண்மையிலேயே எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. சாலையோரப் புளியமரத்தின் உச்சிக் கிளைவரை தெரிந்தது. மரத்தின் உச்சி எனக்கு எதற்கு என்ற கேள்வி அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் எதிரே மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க ஒரு பெரியவர் வந்தார். நான் வழக்கம்போல டிம் போட்டேன். ஆனால் அந்த பார் தனி ஸ்விட்சில் இருந்ததால் அது அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அவருடைய வண்டி தடுமாறி, தாரைவிட்டுச் சரளையில் இறங்கி, கருவேலஞ்செடியை ஒட்டிப் போய் நின்றது. கேனின் மூடி கழன்று பால் கொஞ்சம் சிந்தியது, அவருக்குக் காயமில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். "தம்பி, எனக்கு ரோடு எங்க இருக்குன்னே தெரியலப்பா" என்று மட்டும் சொன்னார். கோபப்படக்கூட இல்லை. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது இன்றும் எனக்கு மறக்கவில்லை. கூசிய கண் பழைய நிலைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும். ஐந்து நொடி என்று வைத்தால்கூட, 60இல் வருகிறவர் 80 மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். அப்படி ஓட்டி வருகிறவர் மோதப்போவது பெரும்பாலும் நம்மீதுதான்.

மறுநாளே அந்த பாரைக் கழற்றிக்கொண்டு, எங்கள் பகுதியில் நெடுநாளாக வண்டி ஒயரிங் பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து பாரை பேட்டரியோடு இணைத்துக் காட்டினார். 1.2 ஆம்பியர். பேட்டரி 12.8 வோல்ட்டில் இருந்தது. பெருக்கினால் 15 வாட். பெட்டியில் போட்டிருந்ததில் கால் பங்கு. லுமன் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) கணக்கையும் இதே வழியில் சரிபார்க்கலாம். நல்ல வெள்ளை எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லுமன் வரை தரும். 40 வாட் விளக்கில் 20,000 லுமன் என்று யாராவது எழுதியிருந்தால், அந்தப் பெட்டியில் வேறு எதையும் படிக்க வேண்டியதில்லை.

"புது லைட்டு வாங்குறது இருக்கட்டும் தம்பி, இருக்குற லைட்டுக்கு மொதல்ல கரண்டு ஒழுங்காப் போகுதான்னு பாப்பம்" என்றார் அண்ணன். என்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியில் அளந்தார்: 13.9 வோல்ட். ஹெட்லைட் சாக்கெட்டில் அளந்தார்: 12.1. சாவி ஸ்விட்ச், டிம் ஸ்விட்ச், மெல்லிய பழைய ஒயர், பச்சை பூத்த கனெக்டர் என்று வழிநெடுக மின்னழுத்தம் கரைந்திருக்கிறது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாக விழும். என் வண்டியில் அந்த 1.8 வோல்ட் இழப்பில் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்துத் தடித்த ஒயரில் நேராக மின்சாரம் கொடுத்ததும், அதே பழைய பல்பு வேறு பல்பு போல எரிந்தது. கூடுதல் விளக்கைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சில பழைய வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியாமல் என்ஜினிலிருந்து நேரே எரியும்; வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். அவற்றில் இந்த வேலையை ஒயரிங் தெரிந்தவர் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, ஒளியை முன்னால் திருப்பிவிடும் அதே ஹெட்லைட் குடுவையில் எல்.ஈ.டி. பல்பைச் சொருகுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குடுவையின் வளைவு, இழை எரியும் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்காக வார்க்கப்பட்டது. எரியும் புள்ளி சில மில்லிமீட்டர் விலகினாலும் ஒளி சிதறி, டிம்மின் மேல் விளிம்பு கலைந்து, எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும்.

அடுத்து, விளக்கின் வகை. சந்தையில் எத்தனை பெயர் இருந்தாலும் ஒளி விழும் வடிவத்தில் மூன்றுதான் உண்டு. ஒன்று, குறுகிய கற்றையாக வெகுதூரம் போகும் ஸ்பாட். இரண்டு, எல்லாத் திசையிலும் பரவும் ஃபிளட். நான் முதலில் ஏமாந்து வாங்கியது இதன் மலிவான பிள்ளை. மூன்று, மேல்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோட்டில் நின்று, கீழேயும் பக்கவாட்டிலும் அகலமாக விரியும் ஃபாக் வகை. கடையில் ஒரு சுவரைக் காட்டி எரியவிடச் சொல்லுங்கள். சுவரில் மேல்விளிம்பு நேர்கோடாக விழுந்தால் அது மூன்றாவது வகை. வெறும் வட்டமான வெள்ளைப் புகை போல விழுந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எதிரே வண்டி வரும் சாலைக்கு அது வேண்டாம்.

நான் போகும் சாலையில் நிமிடத்துக்கு ஒரு வண்டியாவது எதிரே வரும். ஆகவே ஸ்பாட்டை விட்டுவிட்டு, விளிம்பு வெட்டிய விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் அளந்து பார்த்து 15 வாட்டுக்குச் சற்று மேல் இழுப்பதாக வாங்கினேன். தூத்துக்குடி பக்கம், நடுவில் அரளிச்செடி வைத்த நான்கு வழிச்சாலையில் இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கு ஸ்பாட் பயன்படும். அப்படி மாட்டினால் ரிலேவுக்கான சைகையை பிரைட் ஒயரிலிருந்தே எடுக்க வேண்டும். டிம் போடும் கட்டைவிரல் அசைவிலேயே ஸ்பாட்டும் அணைந்துவிடும். பால்காரப் பெரியவருக்கு நான் செய்த கொடுமை யாருக்கும் நேராது.

நிறத்தைப் பற்றி நிறையத் தவறான பேச்சு இருக்கிறது. மஞ்சள் ஒளி பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்பார்கள். பனித்துளிகள் ஒளியலையைவிட மிகப் பெரியவை என்பதால் மஞ்சளையும் வெள்ளையையும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் சிதறடிக்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் பனிக்குள் உதவுவது நிறமல்ல. விளக்கு தாழ்வாக இருப்பதும், ஒளி மேலே போகாமல் வெட்டப்பட்டிருப்பதும்தான். ஆனாலும் நீலம் கலந்த 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் ஏற ஏற நீலம் கூடும்) வெள்ளையை நான் தவிர்த்தேன். அது எதிரே வருகிறவரின் கண்ணை அதிகம் உறுத்தும். 4300 கெல்வினில் எடுத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் ஐப்பசி இரவுகளில் மட்டும், மஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும் என்பதால், அதை எடுத்திருக்கலாமோ என்று நினைப்பதுண்டு.

விளக்கின் முதுகைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். அலுமினியத் தகடுகள் ஆழமாக, கனமாக இருக்க வேண்டும். எல்.ஈ.டி. சூடேறச் சூடேற வெளிச்சம் குறையும். கடையில் ஐந்து நிமிடம் பளிச்சென்று எரிந்தது, அரைமணி நேரத்தில் மங்கிவிடும். தண்ணீருக்கு ஐ.பி. 67 போதுமானது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகக்கூடாது என்பது அதன் பொருள். ஆனால் வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை விளக்கின் ரப்பர் விளிம்பில் நேராகப் பிடிக்கவிடாதீர்கள்.

ஒயரிங்கில் அண்ணன் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். எனக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து, ரிலேயில் எண் போட்டிருக்கும் கால்களில் 30ஆம் காலுக்கு, 87ஆம் காலிலிருந்து விளக்குக்கு, 86இல் ஸ்விட்சிலிருந்து வரும் சைகை, 85 எர்த். எல்லாம் முடிந்தபின் விளக்குகள் அனைத்தையும் எரியவிட்டு, என்ஜினை ஓடும் வேகத்தில் வைத்துப் பேட்டரியில் அளந்தார். 13.6 வோல்ட் இருந்தது. 13க்குக் கீழே போனால், ஓடும்போதே பேட்டரி காலியாகிறது என்று அர்த்தம். அப்போது குறைந்த வாட்டுக்கு இறங்க வேண்டும்.

மாட்டியது கிராஷ் கார்டில், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில். தாழ்ந்த விளக்கு சாலையைத் தடவிக்கொண்டு போவதால் பள்ளத்தின் நிழல் நீளமாக விழும். முன்பு கடைசி நொடியில் தெரிந்த குழி இப்போது முன்கூட்டியே கறுப்பாகத் தெரிகிறது. ஆண்டிப்பட்டிக் கணவாய் வளைவுகளில் வண்டி சாயும்போது ஹெட்லைட்டின் ஒளியும் சாய்ந்து, திரும்ப வேண்டிய பக்கம் இருண்டு போகும். அந்த இருட்டை அகலமான விளக்குதான் நிரப்புகிறது. விளக்கை மிகவும் கீழே சாய்த்து, சக்கரத்துக்கு முன்னால் பத்து மீட்டரைத் தகதகவென்று ஆக்குவது மட்டும் கூடாது. கண் அந்தப் பளபளப்புக்குப் பழகிச் சுருங்கி, தொலைவு முன்பைவிட இருட்டாகிவிடும்.

கோணம் வைக்கும் முறை இது. சமதரையில், சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி, ஆள் மேலே உட்கார்ந்த நிலையில் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒளியின் மேல்விளிம்பு அதற்கு 8 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி முடுக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற இந்தச் சரிவில், 60 சென்டிமீட்டர் உயர விளக்கின் ஒளி 60 மீட்டரில் தரையைத் தொடும். 8 மீட்டர் என்பதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நான் இந்த விளக்கைப் போடுவதே இல்லை. செக்கானூரணி தாண்டித்தான் ஸ்விட்சைத் தொடுவேன்.

ஹெல்மெட் கண்ணாடியையும் விட்டுவிடாதீர்கள். கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர்விளக்கு நட்சத்திரமாகச் சிதறும். எத்தனை விளக்கு மாட்டினாலும் அது தீராது.

சனிக்கிழமைகளில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, காலருகே அரிசிப் பையும் வைத்துக்கொண்டு வருவேன். பின் ஷாக் அப்சார்பர் வெறும் இரண்டே கால் சென்டிமீட்டர் இறங்கினால், வண்டியின் முகம் ஏறத்தாழ ஒரு பாகை நிமிர்ந்துவிடும். சுவரில் வைத்த சரிவு முழுவதும் போய், ஒளி மேல்நோக்கித் திரும்பிவிடும். அதற்காக விளக்கின் பிடியில் வெள்ளை பெயின்ட்டால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மேல்கோடு நான் தனியாக வரும்போது. கீழ்க்கோடு அம்மாவோடு வரும்போது. அம்மா ஏறி உட்கார்ந்ததும், "செத்த இரும்மா" என்று சொல்லி இறங்கி, போல்ட்டைத் தளர்த்தி, கீழ்க்கோட்டுக்கு நகர்த்தி முடுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.