காதைத் தொடவிடாத நாய்க்கு மருந்திடுதல்

கீழ்பவானி வாய்க்காலில் நீந்திவிட்டு வந்தாலே எங்கள் தோட்டத்து லாப்ரடாரின் தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கி, சீழ் வாடை வீசத் தொடங்கிவிடும். மருந்துக் குப்பியைக் கண்டாலோ கட்டிலுக்கடியில் புகுந்து உறுமும்.

நாயின் காதுக்குழாய் ‘ட’ எழுத்தைப் போல வளைந்து செல்வதால், பஞ்சுக்குச்சி அழுக்கை இன்னும் ஆழத்துக்கே தள்ளும். அடக்கிப் பிடித்து ஊற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. வலிக்கும் காதைப் பலவந்தமாகத் தொட்டால் எந்த நாயும் கடிக்கத்தான் செய்யும். அப்பா எதிரே அமர்ந்து வேகவைத்த கோழித் துண்டுகளை நீட்ட, நான் பக்கவாட்டில் அமர்ந்து, உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கிய, நாயின் காது கழுவுவதற்கான மருந்துநீரைக் காது நிறைய விட்டு, அதன் அடிப்பகுதியைச் ‘சளக் சளக்’கென்று ஒலி கேட்கும்வரை பிசைந்துவிடுகிறேன். பிறகு அது தலையை உதறும். வெளியே வரும் பழுப்பு மெழுகை ஒற்றியெடுத்தால் போதும்.

மீண்டும் மீண்டும் வரும் தொற்றுக்குப் பெரும்பாலும் ஒவ்வாமையே வேர் என்பதால், சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பறித்துவிடக்கூடும். ஆகவே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் காட்டி, கசிவை நுண்ணோக்கியில் பார்த்து, மலசீசியா என்னும் ஈஸ்ட்டா, பாக்டீரியாவா என்று அறிந்த பின்னரே மருந்து வாங்குங்கள். சற்றும் இணங்காத நாய்க்கு மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்து, வாரக்கணக்கில் காதிலேயே தங்கும் மருந்தை மருத்துவரே இட்டுவிடுவதும் உண்டு.