கோனோமா: கோட்டைக்குக் கீழே இருக்கும் வயல்கள்

நாகாலாந்தின் தலைநகர் கோஹிமாவிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலை பொறுமையைச் சோதிக்கும். அங்காமி நாகர்களின் ஊரான கோனோமா ஒரு மலை முதுகில் இருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் அடுக்கடுக்காக நெல்வயல்கள்.

ஊர் வாசலுக்கு ஏறும் கல்படிகள் குறுகலானவை. இருவர் தோள் உரசாமல் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் சரிவு. மூச்சு வாங்க ஏறும்போதுதான் 1879 அக்டோபர் 14 அன்று நடந்தது எனக்கு விளங்கியது. நாகா மலைகளின் ஆங்கிலேய அரசியல் அதிகாரி டேமண்ட் அன்று காவல் படையுடன் இந்த ஊருக்கு வந்தார். மூடியிருந்த வாசலின் முன்னே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தச் சரிவில் மாட்டிக்கொண்ட படைக்குத் திரும்பி ஓடுவதும் எளிதாக இருக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் நாகர்கள் கோஹிமாவையே முற்றுகையிட்டார்கள். மணிப்பூரில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜான்ஸ்டன் மணிப்பூர்ப் படையோடு வந்து சேர்ந்த பிறகே முற்றுகை விலகியது. ஆங்கிலேயரை அன்று காப்பாற்றிய மணிப்பூரை 1891-இல் அதே ஆங்கிலேயர் போரிட்டுப் பிடித்தார்கள். இளவரசர் திகேந்திரஜித்தைத் தூக்கிலிட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

கோஹிமா முற்றுகை விலகிய பின், 1879 நவம்பர் 22 அன்று ஆங்கிலேய ஜெனரல் நேஷன் பீரங்கிகளோடு கோனோமாவைத் தாக்கினார். கடைசி அரணின் பலகைகளைப் பிய்த்துக்கொண்டு நுழைய முயன்று தோளில் குண்டடிபட்ட கேப்டன் ரிட்ஜ்வேக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஊர்க்காரர்களோ இரவோடிரவாக மேலேயுள்ள சக்கா அரணுக்கு ஏறிவிட்டார்கள். 1880 மார்ச் இறுதிவரை பணியவில்லை.

கோட்டை மேட்டில் நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. டேமண்டோடு, ஆங்கிலேயப் படையின் சுபேதார் மேஜர் நூர்பீர் சாஹியின் பெயரும் அதில் இருக்கிறது. வருகிறவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வழிகாட்டியாக வந்த ஊர் இளைஞரிடம் வயலுக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

வரப்பில் நடந்தால் மேல் வயலில் நிறைந்த தண்ணீர் சிறு மடை வழியாகக் கீழ் வயலுக்கு வழிவது தெரியும். ஒவ்வொரு அடுக்கையும் தாங்குவது கல்லும் மண்ணும் கலந்த கரை. தலைமுறை தலைமுறையாகக் கையால் கட்டியது. போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு கைவைத்தது இந்த வயல்களில்தான். ஊரை இடித்து, நிலத்தைப் பறிமுதல் செய்து, மக்களை வேறு ஊர்களுக்குச் சிதறடித்தார்கள். அடங்கிய ஊர்களில் வீட்டுக்கு ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) அரிசியும் ஒரு ரூபாயும் வரி. பீரங்கிக்கு அசையாதவர்களைப் பசிதான் பணிய வைத்தது என்பது என் எண்ணம்.

பின்னர் மக்கள் திரும்பி வந்தார்கள், கோட்டையையும் மறுபடி கட்டினார்கள். நாகாலாந்துக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு தேவை, முன்பே வாங்கிவிடுங்கள். கோனோமாவுக்கு அரை நாள் மட்டும் ஒதுக்காதீர்கள். ஓர் இரவு தங்கி, காலையில் வயலுக்கு இறங்குங்கள்.